நடுவில் நிற்கும் முள்

காரின் வெப்பமானி முள் நடுவில் நிற்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்காகத்தான் அது நடுவில் நிற்கிறது. இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் எழுபத்தைந்து டிகிரியில் இருந்தாலும் முள் நடுவில்தான்; நூற்றைந்தைத் தொட்டாலும் அதே நடுவில்தான். அதற்கும் மேலே போனால் சட்டென்று எகிறிச் சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நாம் செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது. ஒரு காலத்தில் முட்கள் உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டிருந்தன. மேம்பாலம் ஏறினால் முள்ளும் கொஞ்சம் ஏறும், இறங்கினால் இறங்கும். வண்டி வாங்கியவர்கள் பயந்துபோய் சர்வீஸ் நிலையங்களில் வரிசை கட்டினார்கள். இஞ்சினைத் திருத்துவதைவிட முள்ளைத் திருத்துவது சுலபம் என்று வண்டி செய்தவர்கள் கண்டுகொண்டார்கள். டயலுக்குப் பின்னால், முள்ளை நடுவிலேயே பிடித்துவைக்கும், மிளகைவிடச் சிறிய ஒரு டையோடை வைத்தார்கள். புகார்கள் நின்றுவிட்டன.

நான் அனல் மின் நிலையத்தில் மானிகள் பிரிவில் முப்பத்திநாலு வருடம் இருந்தவன். மானிகள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்கியவன். எல்லாவற்றுக்கும் செயல்முறை எழுதி வைப்பேன் என்பதால் அங்கே எனக்கு ‘புரொசீஜர்’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவிக்கும் அது எப்படியோ எட்டிவிட்டது. அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் அவளுடைய சிறுநீரகங்கள் நின்றுபோயின. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பகல் பன்னிரண்டரைக்கு இராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். நாங்கள் இருப்பது திருவொற்றியூரில். அரை மணிக்கு மேல் தாமதமானால் அந்த இயந்திரத்தை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு படிவம் இருந்தது. அதைப் படித்துப் பார்த்து, நியாயமான விதிதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்கள் படிக்காமல் போட்டார்கள்.

மெட்ரோவில் ஒரு முறை போய்ப் பார்த்தோம். திரும்பும்போது லிஃப்டிலேயே மயங்கி என் தோளில் சாய்ந்தாள். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊசி குத்திய கையை மார்போடு பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். மிச்சமிருந்தது எங்கள் பழைய பெட்ரோல் கார். பின் இருக்கையில் தலையணை, முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு, நிழலுக்கு ஜன்னலில் திரை. அவள் மருத்துவமனைக்கு நேரத்தில் போவது அந்தக் காரை நம்பி இருந்தது.

ஒரு வியாழக்கிழமை எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். நடுவில் இருந்த முள் ஒரு கணம் துள்ளிச் சிவப்பைத் தொட்டுவிட்டு மறுபடி நடுவுக்கு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. அந்த நடிப்பை நான் அறிவேன். வேலையில் இருந்தபோது மேலதிகாரிகள் பலர் அப்படித்தான் நின்றிருக்கிறார்கள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயது இருக்கும். பத்து வருடமாக என் காரையும் என் பேச்சையும் பொறுத்துக்கொண்டவர். முள்ளின் பின்னால் இருக்கும் டையோடை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சரியான மின்தடையைப் போட்டு, முள்ளை உண்மை பேச வைக்கப் போகிறேன் என்றேன்.

“கம்பெனி மீட்டர நோண்டாத சார். அது பாட்டுக்குப் பொய் சொல்லிகினு கெடக்கட்டும். நான் தனியா ஒன்னு மாட்டித் தரேன்.”

உள்ளே போய் இரண்டு பொருள்களை எடுத்துவந்தார். ஒன்று வட்டமான தனி மானி. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயை வெட்டி, நடுவில் ஒரு இணைப்பு வைத்து, அதில் சென்சாரைத் திருக வேண்டும்.

“குழாய வெட்டினா புதுசா ரெண்டு ஜாயின்ட். ரெண்டு எடத்துல ஒழுகும்” என்றேன்.

“அதான் சார் இது.” இரண்டாவதைக் காட்டினார். வாஷர் மாதிரி ஒரு வளையம், அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பஸ்ஸர். “மாதவரத்துல நிக்கற லாரிக்காரன் எல்லாம் இத்தான் போட்டுகினு கீறான். எதையும் வெட்ட வேணாம். இஞ்சின் மேல்மூடில இருக்கற ஹெட் போல்ட்டுக்கு அடியில மாட்டிட்டா போதும். தண்ணி இருந்தாலும் இல்லாங்காட்டியும் இரும்போட சூட்டத்தான் பாக்கும். சூடு ஏறுச்சினா கத்தும். கத்துச்சினா செத்தவனும் எழுந்துக்குவான்.”

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பதில் சொன்னது அதற்கல்ல. அலாரம் என்பது சோம்பேறிகளுக்கு என்றேன். மின் நிலையத்தில் அலாரம் அடித்தால் ஆள் முதலில் தேடுவது அதை நிறுத்தும் பொத்தானைத்தான், காரணத்தை அல்ல என்றேன்.

“செரி. முள்ள யாரு பாக்கறது?”

“நான்.”

“ட்ராபிக்லயா?”

“முப்பத்திநாலு வருஷமா அதத்தான்யா பாத்தேன்.”

“அப்ப ஓகே. படிச்சவங்க சொல்றீங்க” என்று இரண்டையும் திரும்ப அட்டைப்பெட்டியில் போட்டார். அந்தப் ‘படிச்சவங்க’ என்ற சொல்லில் இருந்த மரியாதையின் அளவை எந்த மானியாலும் அளந்திருக்க முடியாது.

டேஷ்போர்டிலிருந்து டயல்களைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். டையோடை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. மின்தடையைச் சரிப்படுத்தத்தான் நேரம் பிடித்தது. அடுப்பில் குண்டான், குண்டானில் தண்ணீர், தண்ணீருக்குள் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட சென்சார், பக்கத்தில் என் பழைய பாதரச வெப்பமானி.

“சோறாக்கற குண்டான்ல இன்னாத்த வேக வெக்கிறீங்க?” என்றாள் மனைவி.

“சென்சார்.”

“உப்பு போடட்டா?”

உப்புப் போட்டால் தண்ணீரின் கொதிநிலை மாறும் என்று விளக்க ஆரம்பித்தேன். “அய்ய, இந்த மனுஷனுக்கு ஒரு தமாஷ் சொல்ல முடியுதா” என்று பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் வெப்பமானியைப் படிக்க வேண்டும், நான் டயலில் முள் நிற்கும் இடத்தில் கோடு போட வேண்டும். “அறுவது… எழுவது… எழுவத்தஞ்சி” என்று வாசித்துக்கொண்டே வந்தாள். நாளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர் மட்டும் குடிக்க அனுமதிக்கப்பட்டவளை, மூன்று லிட்டர் தண்ணீர் கொதிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வைத்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தொண்ணூறில் அவள் பார்வை வெப்பமானியை விட்டுத் தண்ணீருக்குப் போயிருந்தது. “படி, படி” என்றேன். படித்தாள்.

வேலை சுத்தமாக முடிந்தது. அறுபது முதல் நூறு வரை பிழை ஒரு டிகிரிக்குள். கடையில் வாங்கும் எந்தத் தனி மானியும் அந்தத் துல்லியத்தைத் தராது. இதை இன்றைக்கும் சொல்வேன்.

அவளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பின் இருக்கையில் சாய்ந்தபடி இரண்டு இருக்கைகளுக்கு நடுவே முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஏறினால் கைப்பிடியைப் பிடிப்பாள்.

“முன்னல்லாம் சிவனேன்னு நடுவுல நின்னுகினு இருந்துச்சி. அத்தப் போயி ஆட விட்டுட்டீங்க.”

“முன்ன அது உன்ன ஏமாத்திச்சி.”

“ஏமாத்தினாலும் நிம்மதியா வந்தேன்ல?”

மாதா மாதம் அவளுடைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகளை வாங்குவது நான். வாசிப்பதும் நான்தான். “இன்னா போட்டுக்கீது?” என்று கேட்பாள். இதயம் தளர்கிறது, இரத்தம் குறைகிறது என்று எண்கள் சொல்லும். “போன மாசம் மாதிரிதான், நார்மல்” என்று நான் சொல்வேன். எழுபத்தைந்துக்கும் நார்மல், நூற்றைந்துக்கும் நார்மல். காரிலிருந்து எடுத்த டையோடை நான் எங்கே பொருத்திக்கொண்டேன் என்று அவள் கேட்டதில்லை. ஒருவேளை தெரிந்துதான் கேட்காமல் இருந்தாளோ என்னவோ.

அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். காசிமேடு நெருங்கும்போது ஒரு டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது என்றார்கள். எங்களுக்கு முன்னும் பின்னும் கன்டெய்னர்கள். ஏசி ஓடியது. முள் தொண்ணூற்றைந்து. பிறகு தொண்ணூற்றெட்டு. பிறகு நூற்றொன்று. இதற்கு ஒரு செயல்முறை உண்டு. ஏசியை நிறுத்து, ஜன்னல்களைத் திற, ஹீட்டரை முழுதாக வை. இஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி ஹீட்டர் வழியாக வண்டிக்குள் வந்துவிடும், இஞ்சின் பிழைக்கும். சென்னை வெயிலில், இரண்டு நாள் உப்பும் நீரும் உடம்பில் தேங்கிய ஒருத்தியின் மேல் ஹீட்டரைத் திறந்துவிட்டேன்.

“அடுப்புல வெச்சி வாட்டறீங்களே” என்றாள்.  துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முள் நூற்றிரண்டில் நின்றது. சில நிமிடங்களில் இறங்க ஆரம்பித்தது. நூறு. தொண்ணூற்றாறு. தொண்ணூறு. எனக்குள் ஒரு பெருமை வந்தது. ரேடியேட்டர் விசிறியின் சத்தமும் நின்றது.

“இன்னாங்க, இப்ப சூடா வர்ல. ஜில்லுன்னு வருது.”

“பாத்தியா, அடங்கிடுச்சி.”

“இனிப்பா ஒரு வாசன அடிக்குது. இருமல் மருந்து மாதிரி.”

எங்கள் பக்கத்தில் வாசனையைப் பற்றி யாராவது பேசினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காற்று ஒரு நேரம் உரம் மாதிரி இருக்கும், ஒரு நேரம் எரிந்த ரப்பர் மாதிரி, ஒரு நேரம் மீன். அறுபது வருடமாக அதைச் சுவாசித்தவன் நான். “ஏதாவது கம்பெனியில தொறந்து உட்டிருப்பான்” என்றேன்.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். சாலையின் ஓரமாக, குப்பத்துக்குள் போகும் சந்தின் முனையில் ஒரு காலி ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது.

“ஏங்க, நான் அந்த ஆட்டோவப் புட்ச்சி சந்து வழியா போயிடறேன். நீங்க வண்டிய எட்த்துகினு பொறுமையா வாங்க.”

மணி பன்னிரண்டு இருபது. “எம்பத்திரெண்டுக்கு எறங்கிடுச்சி. பாரு. இனிமே ஒன்னும் இல்ல” என்றேன்.

“முள்ளையே பாத்துகினு கீறீங்க. என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க.”

பார்க்கவில்லை. முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. நான் கியரைப் போட்டு மிதித்தேன். முள் எழுபத்தைந்து. நானூறு மீட்டர் போயிருப்போம். இஞ்சினுக்குள் யாரோ இரும்புக் கடப்பாரையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பானெட்டின் விளிம்பெல்லாம் புகை. கார் அப்படியே நின்றது. பின்னால் வந்த டிரெய்லர் என் தலைக்கு மேல் ஹார்ன் அடித்தது. ஆட்டோ நின்றிருந்த சந்து வெகு பின்னால் போய்விட்டது. இரண்டு பக்கமும் டிரெய்லர்கள் சுவர் மாதிரி நின்றன.

மின் நிலையத்தில் நானே தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிய ஒரு அறிவிப்பு இருந்தது. காரணமில்லாமல் வெப்பநிலை இறங்குவதாகக் காட்டினால், சென்சார் நீரில் மூழ்கியிருக்கிறதா என்று முதலில் பார். பார்க்கும்வரை அந்த அளவை நம்பாதே. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதற்கு அடியில் கையெழுத்திட வேண்டும். ரேடியேட்டரில் விரிசல் விட்டுத் தண்ணீர் முழுவதும் சாலையில் ஒழுகியிருந்தது. அவள் சொன்ன இனிப்பு வாசனை அதில் கலந்திருந்த கூலன்ட்டுடையது. ஹீட்டர் ஜில்லென்று வந்தது அதில் ஓடத் தண்ணீர் இல்லாததால். விசிறி நின்றது அதை இயக்கும் சுவிட்சுக்கும் தண்ணீர் எட்டாததால். முள் இறங்கியது சென்சார் வெறும் காற்றில் தொங்கியதால். மூன்றும் ஒன்றாக ஒரே விஷயத்தைச் சொல்லின. நான் அதைத் தலைகீழாகப் படித்தேன். அறிவிப்புக்கு அடியில் என் கையெழுத்து இல்லை. எழுதியவன் கையெழுத்திட வேண்டும் என்று விதி இல்லை.

நடக்க முடிந்தவரை முன்னால் நடந்து வண்டி தேடினேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தது மீன்பாடி வண்டி ஒன்று. முன்னால் பலகை, பின்னால் மோட்டார். காசிமேட்டில் சரக்கை இறக்கிவிட்டு, லாரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் வளைந்து வளைந்து வந்தது.

“கலீஜா கீதும்மா. இரு, கோணி போட்றேன்” என்றார் வண்டிக்காரர்.

“போடு நைனா. நான் பொறந்து வளந்ததே இந்த நாத்தத்துலதான்” என்று ஏறி உட்கார்ந்தாள். அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஊசிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பலகையின் விளிம்பைப் பிடித்தபடி வந்தாள். நான் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

மருத்துவமனையில் மணி இரண்டு ஆகியிருந்தது. அவளுடைய இயந்திரத்தில் வேறு ஒரு பெண்மணி படுத்திருந்தார். திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போட்டுவிடுகிறோம் என்றார்கள். நான் விதிகளை எடுத்துச் சொல்லி வாதாடினேன். டெக்னீஷியன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், நீங்க சைன் பண்ண ஃபார்ம்தான்” என்றார். “மூச்சு வாங்கினா உடனே எமர்ஜென்சிக்கு வந்துடுங்க.”

மூச்சு வாங்கியது ஞாயிறு காலை. கோயிலுக்குப் புறப்படுகிறேன் என்று புடவையைக் கையில் எடுத்தவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். படுக்க முடியவில்லை. படுத்தால் மூழ்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஆம்புலன்ஸ் வந்தது. அதன் டேஷ்போர்டிலும் முள் நடுவில் நின்றது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரண்டு நாள் இருந்தேன். காலையும் மாலையும் டாக்டர் வெளியே வந்து, “ஸ்டேபிளா இருக்காங்க” என்றார். நல்ல மனிதர். அந்தச் சொல்லின் வீச்சு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகலில், அவளை வழக்கமாக இயந்திரத்தில் போடுகிற நேரத்தில், என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

மாதா கோயிலில் அவளுக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இஞ்சினைப் பிரித்துவிட்டதாகச் சொன்னார். ஹெட் வளைந்துவிட்டது, வேறு இஞ்சின்தான் போட வேண்டும். ஒரு துணியில் சுற்றி சென்சாரைக் கொண்டுவந்திருந்தார்.

“உன் முள்ளு கரெக்டாத்தான் சொல்லிக்கீது சார். அங்க காத்துதான் இருந்துச்சி. காத்தோட சூட்ட சொல்லிச்சி.”

“நீங்க அன்னிக்கே சொன்னீங்க.”

“நான் இன்னா சொன்னேன். யாவாரத்துக்குச் சொன்னேன்.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்மேல் இரக்கப்பட்டு அவர் சொன்ன பொய் அது. வாங்கிக்கொண்டேன்.

வேறு இஞ்சின் போட்டு, காரை விற்கச் சொன்னேன். வள்ளூர் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நாற்பது வயது இருக்கும். அம்மாவுக்குக் கால் எடுத்திருக்கிறார்கள், வாரத்துக்கு இரண்டு முறை கட்டு மாற்றக் கூட்டிப்போக வேண்டும் என்றார். பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

“வண்டி நல்லா கீது சார். ஆனா முள்ளு ஆடுது. பேஜாரா இருக்கும் போல. இத்த மட்டும் செரி பண்ணிக் குடுத்தா எட்த்துக்கறேன்.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பழைய டையோடு என் மேசை டிராயரில் ஒரு மாத்திரை அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. அதைத் திரும்ப வைத்துப் பற்றவைக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. அந்த நேரத்தில் மெக்கானிக், நான் கேட்டுக்கொண்டபடி, ஹெட் போல்ட்டுக்கு அடியில் வளையத்தை மாட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே பஸ்ஸரைத் திருகினார்.

வந்தவர் வண்டியைக் கிளப்பினார். முள் மெதுவாக எழுந்து நடுவுக்கு வந்து நின்றது. அவர் முகம் தெளிந்தது.

“இது இன்னா சார் புதுசா வயரு?”

“இது கத்தினா ஓரமா நிறுத்திடுங்க. எந்த எடமா இருந்தாலும் சரி. அம்மாவ எறக்கி வேற வண்டியில ஏத்தி அனுப்பிடுங்க. முள்ளப் பாக்காதீங்க.”

“செரி சார்” என்று தலையை ஆட்டினார். அப்போதும் அவர் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.